சியேனா மாளிகை மட்டை மொடல்: ஒரு துண்டு குறையுது, மற்றும்படி சோக்கு

திருகோணமலை டவுனில ஒரு கடையில மருமகனுக்கெண்டு வாங்கினது, கடைசியில நான்தான் மூண்டு இரவு முழிச்சிருந்து ஒட்டினனான். இது இத்தாலியில சியேனா நகரத்தில இருக்கிற பலாஸ்ஸோ புப்ளிகோ எண்ட மாளிகையின்ர மொடல். அந்த மாளிகை, நகரத்தை அப்ப ஆண்ட ஒன்பது பேர் சபைக்கெண்டு 1297ல கட்டத் தொடங்கினது. கீழ கல்லு மேல செங்கல்லு எண்டு சரியா பிரிண்ட் அடிச்சிருக்கிறாங்கள், முகப்பு நேரா இல்லாம லேசா உள்வாங்கி வளையுது, அது முன்னால இருக்கிற காம்போ சதுக்கத்தின்ர வளைவுக்கு ஏத்த மாதிரியாம், அந்த மடிப்பு பிடிக்கத்தான் எனக்கு உயிர் போச்சு. கோபுரம் நிஜத்தில கிட்டத்தட்ட 88 மீட்டர், பேர் மாஞ்சா, மணியடிச்ச ஆள் உழைச்சதெல்லாம் திண்டே முடிச்சதால வந்த பட்டப்பேராம் (எங்கட சித்தப்பாவும் அப்பிடித்தான்). உள்சுவரில லொரென்செத்தி கீறின நல்லாட்சி, கெட்டாட்சி ஓவியம் சின்னனா இருக்கு, கண்ணாடி போட்டாத்தான் தெரியும்.

கோபுர உச்சித் துண்டு பெட்டிக்குள்ள இல்லை. கடையில கேட்டா "சீல் உடைச்சா மாத்தேலாது அண்ணை" எண்டுறாங்கள், உடைக்காம எப்பிடியப்பா தெரியும்? பிஸ்கட் பெட்டி மட்டையில வெட்டி ஒட்டினனான். 5க்கு 3. கடற்கரைப் பக்கம் வீடெண்டா கவனம், உப்புக்காத்துக்கு மட்டை இளகி இப்ப கோபுரம் பீசா நகரத்துச் சாஞ்ச கோபுரம் மாதிரி சாஞ்சு நிக்குது.