இறந்தோர் நாள்: தலைநகர ஊர்வலமா, ஏரிக்கரைக் கல்லறையா?

இறந்த உறவுகளை நினைவுகூரும் மெக்சிகோவின் இறந்தோர் நாளுக்குப் போகிறவர்கள் தலைநகருக்கா, பாட்ஸ்குவாரோ ஏரிக்கரைக்கா என்று குழம்புவது வழக்கம்.

மெக்சிகோ நகரின் பேரூர்வலம் 2016-இல்தான் தொடங்கியது. முந்தைய ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் கற்பனையாகக் காட்டிய ஊர்வலத்தை நகரம் நிஜமாக்கிக்கொண்டது. ரிஃபார்மா சாலையோரம் நேரத்தோடு இடம்பிடித்தால் போதும், கட்டணமில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே தோது. பக்தியை மட்டும் அங்கே தேட வேண்டாம்.

மிச்சோகான் மாநிலத்து ஏரிக்கரையில் நடப்பதோ வழிபாடு. நவம்பர் 1 இரவு, சின்ட்சுன்ட்சான் கல்லறைத் தோட்டத்தில் புரேபெச்சா பழங்குடிக் குடும்பங்கள் விடிய விடிய விழித்திருக்கின்றன. சமாதிகளின்மேல் ஆரஞ்சு நிறப் பூக்குவியல். நம் ஊர்ச் செண்டுமல்லிதான், அதன் தாயகமே மெக்சிகோ. மெழுகுவர்த்திகளுக்கு நடுவே சாம்பிராணி போன்ற கோபால் மரப்பிசினின் புகை, இறந்தவருக்குப் பிடித்த பலகாரங்கள், துணி மூடிய கூடைகள், போர்வைக்குள் ஒடுங்கிய பாட்டிமார். இங்கே கேட்காமல் ஃபிளாஷ் அடிப்பது துக்க வீட்டில் செல்ஃபி எடுப்பது மாதிரி.

ஏரி நடுவிலுள்ள ஹனீட்சியோ தீவு புகழ்பெற்றது, கூட்டமும் அதற்கேற்றபடி. படகு வரிசையில் இரவைத் தொலைப்பதைவிடக் கரையோர ஊர்களே மேல்.

சிரமங்களும் உண்டு. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரம், நடுங்கவைக்கும் குளிர். அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்; மாநிலத் தலைநகரான மொரேலியாவில் தங்கிப் போய்வரலாம். மிச்சோகானின் பாதுகாப்பு நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

என் ஓட்டு ஏரிக்கரைக்கே. ஊர்வலம் பெரும்பாலும் சனிக்கிழமையில் வருவதால், தேதி ஒத்துவரும் ஆண்டில் இரண்டையும் பார்த்துவிடலாம்.