பிழையை உணரும் மூளையைப் பதிவுசெய்ய: ஜெல் தொப்பியா, உலர் தொப்பியா?

வலப்பக்கம் போகச் சொன்ன கர்சர் இடப்பக்கம் போனால், நாம் வாய் திறக்கும் முன்பே மூளை அதைக் கண்டுகொள்கிறது. பிழை திரையில் தெரிந்து சுமார் 250 மில்லிவிநாடியில் எதிர்மின் சரிவு ஒன்றும், 320-ஐ ஒட்டி நேர்மின் ஏற்றம் ஒன்றும் எழுவதை ஃபெரெஸ், மில்லான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008-இல் விவரித்தார்கள். இந்த அலையைப் பிடிப்பதற்கு எந்தக் கருவி ஏற்றது என்று நானும் தேர்வுசெய்ய வேண்டியிருந்தது. ஜெல் இட்டு அணியும் இ.இ.ஜி. தொப்பியையே (தலைத்தோலில் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவது) எடுத்தேன், இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

கண்பாவையின் விரிவை அளக்கும் கருவியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கினேன். பாவை விரிய ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது. திரையின் வெளிச்சம் மாறினாலும் அது அசைகிறது. ஒளியால் மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் முறை இன்னும் மந்தம். அதில் உச்சம் தெரிய ஐந்தாறு விநாடி பிடிக்கும். அதற்குள் பயனர் மூன்று முறை சொடுக்கியிருந்தால், எந்தச் சொடுக்கு பிழையானது என்று எப்படிப் பிரிப்பது?

ஆகவே உண்மையான போட்டி ஜெல் தொப்பிக்கும், ஜெல் இல்லாமலே மின்முனைகள் தோலைத் தொடும் உலர் தொப்பிக்கும்தான். வசதியில் உலர் தொப்பியே மேல். சில நிமிடங்களில் மாட்டிவிடலாம், தலை கழுவும் வேலையும் இல்லை.

ஆனால் பிழை என்பது அரிதாக நிகழ வேண்டிய ஒன்று. அடிக்கடி நிகழ்ந்தால் பயனர் அதை எதிர்பார்க்கத் தொடங்குவார், அலையும் தளர்ந்துவிடும். ஐந்தில் ஒரு செயல் தவறாகுமாறு அமைத்தால் 300 செயல்களுக்கு 60 பிழைகள்தான் கிடைக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு இரைச்சலில் போனால் மிஞ்சுவது 40. அலையைப் பார்த்துப் பிழையா சரியா என்று வகைப்படுத்தும் நிரலைப் பயிற்றுவிப்பதும் சோதிப்பதும் அந்த நாற்பதை வைத்துத்தான். சரியான செயல்களில் நூறு பழுதானாலும் பெரிய இழப்பில்லை. பிழைகளில் பத்து போனால் வலிக்கும்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மின்கம்பியிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முரல் தொல்லையே இல்லை. நாம் தேடும் அலை பெரும்பாலும் 1 முதல் 10 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால் முரலை வடிகட்டிவிடலாம். உலர் மின்முனையின் ஊசிகள் தலைத்தோலில் சற்று நழுவும்போது எழும் மெதுவான அலைவுதான் சிக்கல். அதுவும் அதே எல்லைக்குள் விழுகிறது. அதை வடிகட்டினால் வேண்டிய சமிக்ஞையும் கூடவே போய்விடும். வெறும் சில மைக்ரோவோல்ட் உயரமுள்ள அலையை அதற்கு இரையாக்க மனம் வரவில்லை. ஜெல் தோலோடு ஒட்டியிருப்பதால் இந்த நழுவல் வெகுவாகக் குறைகிறது.

ஜெல்லுக்கும் பராமரிப்பு உண்டு. காயும் முன்பே கழுவ வேண்டும். மின்முனைகளின் வெள்ளி-வெள்ளி குளோரைடு பூச்சை அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஜெல்லை அதிகம் இட்டால் அது பரவி, பக்கத்துப் பக்கத்து மின்முனைகள் ஒரே மின்முனை போலாகிவிடும்.

நான் பார்த்ததெல்லாம் உட்கார்ந்தபடி செய்யும் திரை வேலைகளே. நாள் முழுக்க அணிய வேண்டிய கருவிக்கு இந்தத் தீர்ப்பை நான் வற்புறுத்த மாட்டேன். தினமும் தலையில் ஜெல் பூச யார் சம்மதிப்பார்கள்? ஆய்வுக்கூடத்தில் ஜெல்லோடு தொடங்குபவர்கள் முழுத் தொப்பியையும் நிரப்ப வேண்டியதில்லை. இந்த அலை உச்சந்தலையின் நடுக்கோட்டில், சற்று முன்பக்கமாகவே வலுவாக இருக்கிறது. அங்கே நாலைந்து மின்முனைகளும், கண் சிமிட்டலைப் பிரிக்கக் கண்ணருகே ஒன்றும் வைத்தாலே ஆயத்த நேரம் பெரிதும் குறைந்துவிடும்.