ஹடப்சரா, காம்ஷெட்டா? எஞ்சின் இல்லாமல் பறக்க நினைப்பவருக்கு

அக்கா மகன் கடலூர் முதுநகரில் இருக்கிறான். துறைமுகத்துப் பக்கம் செம்பருந்துகள் சிறகையே அடிக்காமல் வட்டம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, போன் வந்தது. "மாமா, எஞ்சின் இல்லாம பறக்கக் கத்துக்கணும். கிளைடரா, பாராகிளைடிங்கா? நீங்க ரெண்டுக்கும் போனவர்தானே!"

போனவன்தான், பெரிய ஆள் இல்லை. கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம், பாராகிளைடிங் என்பது துணி விதானத்தில் தொங்கிக்கொண்டு பறப்பது. கிளைடருக்குப் புனே ஹடப்சரில் இருபத்துச் சொச்சம் லாஞ்ச் (ஒரு தடவை ஏற்றிவிடுவது ஒரு லாஞ்ச்), பாராகிளைடிங்குக்கு லோனாவாலா பக்கம் காம்ஷெட்டில் பி1, பி2 என்ற முதல் இரண்டு படிகள். கிளைடரைத் தனியாக ஓட்டும் நிலைக்கு வருவதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. அந்த அளவுக்கு வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் ஊரிலேயே ஏன் கூடாது என்று அவனும் கேட்டான், எல்லோரும் கேட்பார்கள். கிளைடர் உயரம் ஏறுவது தெர்மலில். வெயிலில் சூடான தரை தன் மேலிருக்கும் காற்றைத் தூண் மாதிரி மேலே அனுப்பும், அதற்குள் வட்டமடித்து ஏற வேண்டும், பருந்து செய்வது அதைத்தான். புதுச்சேரியில் மதியவாக்கில் கடற்காற்று நுழைந்ததும் அந்தக் குளிர்ந்த காற்று தரைமேல் பாய் விரித்தாற்போல் படுத்துவிடும், தூண்கள் அடங்கிவிடும். கச்சான், அதாவது மேல்காற்று, பலமாக வீசுகிற நாளில் கடற்காற்று பிந்தும். அன்றைக்குத் தெர்மல் இருக்கும், ஊரும் வேகும். செஞ்சிப் பக்கம் உள்ளே போனால் நிலைமை வேறு, ஆனால் அங்கே கிளைடர் இல்லை. ஏலகிரியில் பாராகிளைடர்கள் பறந்திருக்கின்றன. என்றாலும் பாடமாக உட்கார்ந்து படிக்க நான் புனே பக்கம்தான் போனேன்.

எது எவ்வளவு தூரம் போகும்

பயிற்சிக் கிளைடர்களில் உலகெங்கும் தெரிந்த பெயர் ஏஎஸ்கே 21. ஜெர்மன் தயாரிப்பு, 17 மீட்டர் இறக்கை, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 34 மீட்டர் முன்னே போய்விடும். பாராகிளைடரில் தொடக்கநிலைக்காரர்களின் விதானம் 8, 9 மீட்டர் போகும்.

காற்றே இல்லாத ஒரு நாளில், கடற்கரை காந்தி சிலைக்கு நேர் மேலே 1 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டையும் விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பாராகிளைடர் வில்லியனூரை எட்டுவதே சந்தேகம். கிளைடர் கடலூரைத் தாண்டிப் போய்த்தான் இறங்க இடம் தேடும். வேகமும் அப்படித்தான்: பாராகிளைடர் மணிக்கு 35, 40 கிலோமீட்டர், நம் மொபெட் மாதிரி. எதிர்காற்று அந்த வேகத்துக்கு வந்துவிட்டால் நீங்கள் அந்தரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். கிளைடர் அந்தக் காற்றை வெட்டிக்கொண்டு போகும்.

இந்தக் கணக்கைக் கேட்டதுமே "அப்போ கிளைடர்தான்" என்றான். இதை வைத்து மட்டும் முடிவெடுக்காதே என்றேன். முதல் வருடம் நீ 34 கிலோமீட்டர் எங்கேயும் போகப்போவதில்லை. மைதானத்தைச் சுற்றிச் சுற்றித்தான் வருவாய்.

பின்னால் வாத்தியார், காதில் வாத்தியார்

என்னைப் பொறுத்தவரை உண்மையான வித்தியாசம் இதுதான், தூரமும் வேகமும் அப்புறம்.

ஹடப்சர் மைதானம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கிளைடிங் நிலையம். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த இடம், இன்றைக்குச் சுற்றிலும் அடுக்குமாடிகள். அங்கே ஏற்றிவிடுவது வின்ச். பட்டம் விடும்போது நூலை இழுத்துக்கொண்டு ஓடுவோமே, அதேதான், நீங்கள் பட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். மைதானத்தின் மறுமுனையில் இருக்கும் எந்திரம் கேபிளைச் சுருட்ட, சில நொடிகளில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும், மூக்கு வானத்தைப் பார்க்கும், முதுகு சீட்டில் அழுந்தும். அரை நிமிடம் கழித்து 300 மீட்டர் உயரத்தில் மஞ்சள் கைப்பிடியை இழுத்துக் கேபிளைக் கழற்றிவிட்டால் ஒரே அமைதி.

முதல் லாஞ்சில் எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. ஐந்தாவதில்தான் கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருந்த ஒரு துண்டுக் கம்பளி நூல் கண்ணில் பட்டது. விமானம் நேராகப் போகிறதா, பக்கவாட்டில் வழுக்குகிறதா என்பதை அந்த நூல் சொல்லிவிடும். அது சாய்ந்தால் காலால் ரட்டரை, அதாவது வால் சுக்கானின் பெடலை, மிதித்துச் சரிசெய்ய வேண்டும். பைக் ஓட்டிப் பழகிய கை திரும்பிவிடும், கால் மரக்கட்டை மாதிரி சும்மா இருக்கும். அப்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து பெடல் தானாக நகரும். திட்டே வராது, பெடல் மட்டும் நகரும். அதைவிட நல்ல பாடத்தை நான் எங்கேயும் படித்ததில்லை. கேபிள் பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்பதையும் பின்னால் ஆள் இருக்கும்போதே செய்துபார்க்க வைப்பார்கள்: உடனே மூக்கைக் கீழே தள்ளு, வேகம் வரட்டும், மற்றதை அப்புறம் யோசி.

பாராகிளைடிங்கில் பின்சீட்டே கிடையாது. சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போகும் டேண்டம் வேறு விஷயம், அது சவாரி. பாடத்தில் முதல் தாவலிலேயே நீங்கள் தனி. ஹெல்மெட்டுக்குள் ஒரு வயர்லெஸ், அதில் ஒரு குரல்: "லெப்ட், லெப்ட், கையை மேலே விடு." குரல் கேட்டுக் கை நகர்வதற்குள் தப்பு பாதி நடந்திருக்கும். அதனால்தான் முதலிரண்டு நாளும் தரையிலேயே விதானத்தைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தப் பழக்குகிறார்கள். தோள்பட்டை கழன்றுவிடும். அப்புறம் சின்னச் சரிவில் ஓடி அரை நிமிடம் பறப்பீர்கள். அந்த அரை நிமிடம் முழுக்க உங்களுடையது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் போன பள்ளியில் ஒரு நாள் மாலை காற்று ஏறிக்கொண்டிருந்தபோதே, இன்னும் மூன்று பேர் பாக்கி என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாவது. கால் தரையை விடும் முன்பே விதானம் என்னைப் பின்பக்கமாக முள்வேலி வரை இழுத்துப்போனது. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. தப்பு காற்றுடையது இல்லை. சரிவின் உச்சியில் நிற்கும் மாணவன் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், மூன்றாம் நாளில் அது யாருக்குத் தெரியும்?

பணமும் லீவும்

ஹடப்சர் அரசு நிலையம். எஞ்சின் விமானப் பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது, அதற்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு லாஞ்ச் கட்டணம் சில்லறைதான். அங்கே செலவாவது நாள். காத்திருப்பது, கிளைடரைத் தள்ளுவது, அடுத்தவர் புறப்படும்போது இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. தெர்மல் மாட்டாவிட்டால் ஒரு லாஞ்ச் ஐந்தாறு நிமிடம். நாளுக்கு நாலு கிடைத்தால் நல்ல நாள். தனியாக அனுப்பப்படுவதற்கு முன் ஐம்பது, அறுபது லாஞ்ச் ஆவது சகஜம். நான் இதை இரண்டு பயணமாகப் பிரித்துக் கெடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது கால் மறுபடி மரக்கட்டை.

காம்ஷெட்டில் பி1, பி2 இரண்டும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், பணம் இருபதாயிரத்துக்கு மேல். மழைக்காலத்தில் கிடையாது, அக்டோபரிலிருந்து மே வரைதான். வாரம் முடியும்போது சின்ன மலையிலிருந்து தனியாகப் பறந்து இறங்கியிருப்பீர்கள். அதற்கப்புறம்தான் சிக்கல். சொந்தமாக ஒரு செட் வாங்கினால் லட்சங்கள். முதுகுப்பையில் மடங்கிவிடும் என்பது உண்மைதான், புதுச்சேரியில் அதைப் பிரிக்க மலை எங்கே இருக்கிறது?

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலேஜில் படிக்கிறவர்களுக்கு என்சிசி விமானப் பிரிவு இருக்கிறது. அங்கே இப்போது மைக்ரோலைட், எஞ்சின் உண்டு. புதுச்சேரிக்காரர்களில் பலருக்குப் பிரான்சில் மாமா, சித்தப்பா இருப்பார்கள். அங்கே கிளைடிங் கிளப்புகள் ஏராளம், கோடை விடுமுறைக்குப் போகிற பிள்ளைகள் விசாரிக்கலாம். ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகிறவர்கள் ஆகாஃப்லீக் என்று கேட்டுப் பாருங்கள், பல தொழில்நுட்பப் பல்கலைகளில் மாணவர்களே நடத்தும் கிளைடர் குழு அது. ஐரோப்பிய லைசென்ஸுக்கு 15 மணி நேரப் பயிற்சியும் 45 லாஞ்சும் வேண்டும். நம் ஊரிலிருந்து கணக்குப் போடுகிறவருக்கும் அது நல்ல அளவுகோல்.

வீட்டில் செய்யக்கூடியது காண்டோர் சிமுலேட்டர், கம்ப்யூட்டரில் கிளைடர் ஓட்டிப் பழகும் மென்பொருள். சாதாரணக் கேமிங் கம்ப்யூட்டர், ஒரு ஜாய்ஸ்டிக், முடிந்தால் பெடல். பெடல் இல்லாமல் பழகினால் என் கதிதான். முதுகு அழுந்துவதும் வயிறு கலங்குவதும் அதில் வராது, ஆனால் இறங்கும்போது எந்த இடத்தில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்ற கண் கணக்கு வந்துவிடும். கிளைடரில் இன்னொரு சுற்று போய் வருவது என்பது கிடையாது, அதனால் அந்தக் கணக்குதான் பாதிப் படிப்பு.

அவனுக்கு நான் சொன்னது: மூன்று வாரம் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் ஹடப்சர், அதற்கு முன் இரண்டு மாதம் சிமுலேட்டர், கிளம்பும் முன் அங்கே பறப்பு நடக்கிறதா என்று போனில் ஒரு தடவை கேட்டுவிடு. ஒரு வாரம்தான் என்றால் காம்ஷெட், ஆனால் காற்று ஏறினால் உட்கார்ந்துகொள், பணம் கட்டியாச்சே என்று எழுந்திருக்காதே.

ஏழு நாள்தான் கிடைத்ததாம். புதுச்சேரியிலிருந்து தாதர் போகும் சாளுக்கியாவில் டிக்கெட் போட்டிருக்கிறான். புனேயில் இறங்கி லோனாவாலா லோக்கல் ஏறினால் காம்ஷெட். ஒரு நாள் முன்னாலேயே இறங்கி, ஹடப்சரில் முன்சீட்டில் ஒரு லாஞ்ச் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறேன்.