டுகாட்டியா, மோரினியா? 1950-களின் இத்தாலிய 175 சிசி பைக்குகள்

நம்மூரில் பழைய இத்தாலி வண்டி என்று பேச்செடுத்தால் வெஸ்பா, லாம்ப்ரெட்டாவோடு பேச்சு முடிந்துவிடும். லாம்ப்ரெட்டா தயாரித்த மெஷின்களையே விலைக்கு வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர் செய்த நாடு இது, அதனால் அது இயல்புதான். ஆனால் அந்தக் காலத்து இத்தாலியின் உண்மையான இன்ஜின் திறமை ஸ்கூட்டரில் இல்லை. 175 சிசி மோட்டார்சைக்கிள்களில் இருந்தது.

ஏன் 175? காரணம் பந்தயம். 1953 முதல் 1957 வரை பொதுச் சாலைகளில் நாள்கணக்கில் நடந்த மோட்டோஜீரோ பந்தயத்தில் 175 சிசிதான் உச்ச வரம்பு. மிலானில் நள்ளிரவில் கிளப்பி, தெற்கே டாரன்டோ வரை சுமார் 1,400 கிலோமீட்டர் ஓட்டும் மிலானோ-டாரன்டோவிலும் இந்த வகுப்புக்குத் தனி மவுசு. ஜெயித்த வண்டியின் பெயர் மறுநாள் பேப்பரில் வரும், அதே வண்டியைக் கடையில் வாங்கலாம். அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் மூளையை இந்த அளவில்தான் கொட்டியது.

இன்று இந்த வகுப்பில் டுகாட்டிக்குத்தான் பெயர். சாய்ந்த பல்சக்கரங்களால் வால்வு அமைப்பை ஓட்டும் பெவல் கியர் இன்ஜின் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு முதலிடம் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வால்வைக் கீழிருந்து கம்பியால் தள்ளித் திறக்கும் சாதாரண புஷ்ராடு இன்ஜின் வைத்த மோரினியும் ஏர்மாக்கியும் சாலை வண்டியாக டுகாட்டிக்குக் குறைந்தவை அல்ல. வைத்துப் பராமரிக்கிறவருக்கு அவையே மேல் என்றும் சொல்வேன்.

முதலில் டுகாட்டி 175. 1956 கடைசியில் மிலான் கண்காட்சியில் காட்டி, 1957-ல் விற்பனைக்கு வந்தது. வடிவமைத்தவர் ஃபாபியோ தாலியோனி. 1954-ல் டுகாட்டியில் சேர்ந்தவர், அடுத்த ஆண்டே 100 சிசி கிரான் ஸ்போர்ட்டை மோட்டோஜீரோவில் ஜெயிக்க வைத்தவர். அந்தப் பந்தய இன்ஜினின் தத்துவத்தையே சாலைக்குக் கொண்டுவந்தார். கிராங்கிலிருந்து சிலிண்டரின் வலது பக்கமாக ஒரு குழாய் மேலே ஏறும். அதற்குள் ஒரு செங்குத்துத் தண்டு, அதன் கீழே ஒரு ஜோடி பெவல் கியர், மேலே ஒரு ஜோடி. இந்தத் தண்டு சுற்றித்தான் ஹெட்டில் இருக்கும், வால்வுகளைத் திறக்கும் கேமைச் சுழற்றுகிறது. நீள்கிற செயின் இல்லை, வளைகிற புஷ்ராடு இல்லை. எத்தனை ஆயிரம் ஆர்பிஎம் போனாலும் வால்வு டைமிங் பிசகாது. 175 ஸ்போர்ட் 14 குதிரைத்திறன் கொடுத்தது, மணிக்கு 135 கிலோமீட்டர் தொட்டது. அந்தக் காலத்து 175-க்கு இது பெரிய விஷயம்.

வேகம் மட்டும் இல்லை, உழைப்பும் உண்டு. லியோபோல்டோ தார்தாரினியும் ஜோர்ஜோ மொனெட்டியும் 1957-58-ல் இரண்டு 175 டூரிங் வண்டிகளில் உலகத்தையே சுற்றி வந்தார்கள். சுமார் 60,000 கிலோமீட்டர். இதைவிட நல்ல சான்றிதழ் ஒரு சின்ன இன்ஜினுக்குக் கிடைக்காது.

சரி, அப்படியானால் எங்கே இடிக்கிறது? இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது இடிக்கிறது. பெவல் கியர்களின் பல்லும் பல்லும் கடிக்கிற இடைவெளி மிகச் சரியாக அமைய வேண்டும். அதற்காகத் தாள் மாதிரி மெல்லிய ஷிம்களைப் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். இறுக்கமானால் கியர் ஊளையிடும், பல் தேயும். தளர்ந்தால் கடகடவென்று சத்தம், டைமிங்கும் ஆடும். ஒரு ஷிம்மை மாற்று, மூடு, சுற்றிப் பார், மறுபடி திற என்று நாளெல்லாம் போகும். கைதேர்ந்த மெக்கானிக் இதைப் பொறுமையாகச் செய்தால் வண்டி வருஷக்கணக்கில் தொந்தரவு தராது. அவசரக் கை பட்டது என்றால் அதை மறைக்கவே முடியாது. ஆகவே பழைய டுகாட்டி வாங்கும்போது நீங்கள் வாங்குவது வண்டியை மட்டுமல்ல, கடைசியாக அதைப் பிரித்தவரின் பொறுமையையும்தான்.

இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வண்டி மோட்டோ குட்ஸி லோடோலா. 1956-ல் வந்தது. கார்லோ குட்ஸி வடிவமைத்த கடைசி வண்டி என்பார்கள். சிலிண்டர் விட்டம் 62 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 57.8 மில்லிமீட்டர். டுகாட்டிக்கும் அச்சு அசல் இதே அளவுகள்தான். லோடோலாவுக்கும் கேம் ஹெட்டில்தான், ஆனால் அதை ஓட்டுவது செயின். சிலிண்டர் 45 டிகிரி முன்னால் சாய்ந்திருக்கும். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் சாதாரண லோடோலா கொடுத்தது 9 குதிரைத்திறன், ஓடியது மணிக்கு 110 கிலோமீட்டர். இன்ஜின் அளவு குணத்தைத் தீர்மானிக்காது, செய்கிறவரின் நோக்கம்தான் தீர்மானிக்கும் என்பதற்கு இந்த ஜோடியே போதும். குட்ஸிக்கு வேண்டியிருந்தது அமைதியாக, அடக்கமாக ஓடும் வண்டி. 1959-ல் இதை 235 சிசி ஆக்கியபோது மேல் கேமையே கைவிட்டு புஷ்ராடுக்குத் திரும்பினார்கள். மெதுவாக ஊர் சுற்றுகிறவருக்கு லோடோலா இனிமையான வண்டி. வேகம் தேடுகிறவர் ஏமாந்து போவார்.

அப்புறம் அடுத்த ஜோடி. மோரினி செட்டெபெல்லோ, ஏர்மாக்கி. இரண்டுக்கும் விட்டம் 60, ஓட்டம் 61 மில்லிமீட்டர், இரண்டும் புஷ்ராடு. ஆனால் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

டுகாட்டியின் ஊரான பொலோன்யாவேதான் மோரினிக்கும் ஊர். அல்ஃபோன்ஸோ மோரினி செட்டெபெல்லோவைப் பந்தயத்துக்குப் போகிற தனிநபரை மனதில் வைத்துச் செய்தார். நிமிர்ந்த சிலிண்டர், எளிமையான வால்வு அமைப்பு, வீட்டுக் கொட்டகையில் கழற்றி மாட்டக்கூடிய இன்ஜின். சின்னப் பையன் ஒருவன் இப்படி ஒரு செட்டெபெல்லோவில்தான் 1961-ல் ட்ரென்டோ-போன்டோனே மலையேற்றப் பந்தயத்தில் முதன்முதலாக இறங்கி இரண்டாவதாக வந்தான். பெயர் ஜாக்கோமோ அகோஸ்தினி. பின்னாளில் 15 உலகப் பட்டங்கள். புஷ்ராடு பழைய சரக்கு என்று சொல்பவர்களிடம் நான் முதலில் எடுத்துப் போடுவது இந்தக் கதையைத்தான்.

ஏர்மாக்கி வரேசேயில் விமானம் செய்த கம்பெனி. 1956-ல் அவர்கள் காட்டிய கிமேரா முழுக்க முழுக்கத் தகட்டால் மூடிய 175. உடலை வரைந்தவர் கார் வடிவமைப்பில் பெயர் பெற்ற மாரியோ ரெவெல்லி. பார்க்க அபாரம், விற்பனை மந்தம். மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே இருந்ததை அப்படியே காட்டி விற்றபோதுதான் ஆலா ரோஸ்ஸா போன்ற மாடல்கள் பிறந்தன. அல்ஃப்ரெடோ பியாங்கி செய்த அந்த இன்ஜின் படுத்துக் கிடக்கும். ஹெட் நேராக முன் சக்கரத்தைப் பார்த்திருக்கும். காற்று முதலில் ஹெட்டில் அடிப்பதால் சூடு தணியும், எடை கீழே இருப்பதால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். டாப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்யக் குனிந்தாலே போதும், டேங்க்கைக் கழற்ற வேண்டாம். 1960-ல் ஏர்மாக்கியின் மோட்டார்சைக்கிள் பிரிவில் பாதியை ஹார்லி டேவிட்சன் வாங்கியது. அமெரிக்காவில் ஹார்லி ஸ்பிரின்ட் என்ற பெயரில் 250 சிசியாக விற்றதும் இந்தப் படுத்த இன்ஜின்தான்.

இதே புஷ்ராடு அமைப்பு 350 சிசி பந்தய வண்டியாக வளர்ந்து, 1966-ல் ரென்சோ பசோலினிக்கு உலக சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடம் வாங்கித் தந்தது. முன்னால் இருந்தவர்கள் ஹோண்டாவில் ஹெயில்வுட், எம்வி அகுஸ்டாவில் அகோஸ்தினி. பல சிலிண்டர் வண்டிகளுக்குப் பின்னால் ஒற்றை சிலிண்டர் புஷ்ராடு! 1968-ல் கெல் கரூதர்ஸ் அதே வகுப்பில் மறுபடியும் மூன்றாம் இடம் பிடித்தார்.

ஐந்தாவது வண்டி பரில்லா 175. ஜோவான்னி பரில்லாவின் மிலான் கம்பெனி. கேமை ஹெட்டிலும் வைக்காமல், அடியிலும் வைக்காமல், சிலிண்டரின் இடது பக்கம் உயரத்தில் வைத்தார்கள். செயின் அதைச் சுழற்றும். அங்கிருந்து இரண்டு குட்டைப் புஷ்ராடுகள் விரிந்து வால்வுகளுக்குப் போகும். ராடு குட்டையானால் எடை குறைவு, வளைவும் குறைவு. மேல் கேமின் வேகத்தில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். நுட்பத்தின் அழகுக்கு என்று ஒரு பரிசு இருந்தால் நான் பரில்லாவுக்கே கொடுப்பேன். ஆனால் 1960-களில் கம்பெனி நொடித்துப்போனது. இன்று ஒரு உதிரிபாகத்துக்கு இத்தாலி முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

கால் கட்டுப்பாடுகளில் ஐந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இது கைவந்த கலை. 6 வோல்ட் விளக்கு, அதை நம்பி இரவில் நெடுஞ்சாலை ஏற வேண்டாம்.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வகுப்பில் டூரிங் மாடலுக்கு ஸ்போர்ட் டேங்க்கும் தாழ்ந்த ஹேண்டில்பாரும் மாட்டி, ஸ்போர்ட் விலைக்குத் தள்ளிவிடுவது சாதாரணம். டுகாட்டியில் இது அதிகம், ஏனென்றால் பெயருக்கு விலை அதிகம். இன்ஜின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பாகம் கிடைப்பதில் டுகாட்டியும் ஏர்மாக்கியும் முன்னால் நிற்கின்றன. டுகாட்டிக்கு ரசிகர் கூட்டம் காரணம், ஏர்மாக்கிக்கு இன்றும் நடக்கும் கிளாசிக் பந்தயங்கள் காரணம்.

காட்சிக்கு வைக்க டுகாட்டி 175 ஸ்போர்ட், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே எடுத்து, சாயங்காலம் நீங்களே ஸ்பேனர் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் ஏர்மாக்கி ஆலா ரோஸ்ஸா. செட்டெபெல்லோ அசலாகக் கிடைத்தால் அதையே முதலில் வாங்குங்கள், கிடைப்பது கடினம். அது மாட்டாவிட்டால் மோரினியின் ட்ரெசெட்டே இருக்கிறது. அதே வகை புஷ்ராடு இன்ஜின், சாலைக்கு இன்னும் சாதுவான குணம்.