“வாடகைக்கு இருந்து பாருங்கள், பிறகு வாங்கலாம்”: பினாங்குக்குப் புதிதாக வருவோர் கவனத்துக்கு

வேலை மாற்றலாகிப் பினாங்குக்கு வரும் குடும்பங்கள், வீடு வாங்குவதற்கு முன் ஓராண்டாவது வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்படி எண்ணி வருபவர்களையே குறிவைத்து, வாடகை முன்பணத்தோடு விற்பனைப் பணத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் ஒரு வியாபாரம் இங்கே நடக்கிறது. பாயான் பாரு வட்டாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். காவல்துறையில் புகார் நிலுவையில் இருப்பதால் ஆள் பெயரையும் கட்டடத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

என் மனைவிக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் ஈப்போவிலிருந்து வந்தோம். தீவிலேயே வாங்குவதா, பாலம் தாண்டிப் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வாங்குவதா என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பெருநிலத்தில் அதே பணத்துக்குத் தரைவீடே கிடைக்கலாம். ஆனால் நாள்தோறும் காலையில் பாலத்து நெரிசலில் நிற்பது உடம்புக்கு ஒத்துவருமா என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவசரப்பட்டு வாங்கிவிட்டு விற்கலாம் என்றால் அதற்கும் விலை உண்டு. குடிமக்கள் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடும், நான்காம் ஆண்டில் 20 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடும் சொத்து ஆதாய வரியாகப் போகும். குடியிருந்த வீட்டுக்கான விலக்கை வாழ்நாளில் ஒரு முறைதான் கோர முடியும். எனவே முதலில் வாடகை என்று முடிவு செய்திருந்தோம். அந்த முடிவை வீடு காட்ட வந்தவரிடம் வெளிப்படையாகச் சொன்னோம். அதிலிருந்துதான் அவர் தம் பேச்சைக் கட்டினார்.

சமூக ஊடக விளம்பரம் வழியாக வந்த அவர், நன்றாகத் தமிழ் பேசுபவர். என் மனைவியை அக்கா என்றும் என்னை அண்ணே என்றும் அழைத்தார். வாடகை மாதம் 1,500 ரிங்கிட். வீட்டுக்காரருக்கு விற்கும் எண்ணமும் இருப்பதாகவும், ஓராண்டு இருந்து பார்த்துப் பிடித்தால் 450,000 ரிங்கிட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றும், கட்டிய வாடகையில் பாதியை விலையில் கழித்துக்கொள்வார் என்றும் சொன்னார். அந்த விலையைப் பிடித்து வைக்க இரண்டு விழுக்காடு, அதாவது 9,000 ரிங்கிட், கட்ட வேண்டும். “அக்கா, வேற ஒருத்தர் காசோட நிக்கிறாரு, நீங்க நம்ம ஆளுங்கிறதாலதான் பிடிச்சு வெச்சிருக்கேன்” என்ற வாசகம் அப்போது வந்தது. இந்த வாசகத்தை உங்களிடம் யாராவது சொன்னால் உடனே எழுந்துவிடுங்கள். நம்ம ஆள் என்பதற்காக வீட்டைப் பிடித்து வைக்கும் முகவரை நான் இதுவரை கண்டதில்லை.

வாடகைப் பகுதியில் எல்லாம் ஊர் வழக்கப்படியே இருந்தது. இரண்டு மாத வாடகை பாதுகாப்பு முன்பணமாக 3,000 ரிங்கிட், நீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகையாக 750 ரிங்கிட், முதல் மாத வாடகை ஆகிய மூன்றும் வீட்டுக்காரரின் கணக்குக்கே சென்றன. அவர் நேரில் வந்து கையெழுத்திட்டார். அடையாள அட்டை, உரிமைப் பத்திரத்தின் நகல், மதிப்பீட்டு வரி ரசீது என்று அவர் காட்டிய அனைத்தும் உண்மையானவை. போலி உரிமையாளர் வேடமிட்டு ஏமாற்றும் கதைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் சந்தேகம் எழவே வாய்ப்பில்லை. விற்பனைப் பகுதி மட்டும் வேறு வழியில் சென்றது. 9,000 ரிங்கிட்டை அந்த இடைத்தரகரின் சொந்தக் கணக்கில் செலுத்தச் சொன்னார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்தது அவர் மட்டுமே கையெழுத்திட்ட ஒற்றைத் தாள். வாடகை ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

குடியேறிய சில வாரங்களில் எங்கள் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. வாகன நிறுத்துமிடத் தடுப்பும் திறக்கவில்லை. நிர்வாக அலுவலகத்தில் விசாரித்தபோது, வீட்டுக்காரர் பராமரிப்புக் கட்டணத்தையும் கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான ஒதுக்கு நிதியையும் நெடுங்காலமாகக் கட்டாமல் இருப்பது தெரிந்தது. அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நிலுவை வைத்திருப்பவரின் அட்டையை நிர்வாகம் அறிவிப்புக் கொடுத்து முடக்கலாம். அவருடைய வீட்டில் வாடகைக்கு இருப்பவரும் அந்தத் தடைக்குள் அடங்குவார். பாக்கி அவருடையது, லிஃப்ட்டுக்குப் பாதுகாவலரின் தயவில் காத்து நின்றது நாங்கள். வீடு பார்க்கப் போகும் அன்றே நிர்வாக அலுவலகத்தில் நுழைந்து, இந்த எண்ணுள்ள வீட்டுக்கு வாடகைக்கு வரவிருக்கிறோம், நிலுவை உண்டா என்று கேளுங்கள். தொகையைச் சொல்ல மறுத்தாலும், அங்கிருப்பவரின் முகமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

அதன் பிறகு வந்தது பெரிய அடி. வீட்டுக் கதவில் லெலோங் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. வங்கிக் கடன் தவணை நின்றுபோனதால் வீடு பொது ஏலத்துக்குச் சென்றிருந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாளுக்கு முன்பே முதல் ஏலம் நடந்து, வாங்க ஆளில்லாமல் தள்ளிப்போயிருந்தது என்பதை ஏலக்காரரின் அலுவலகத்தில் தெரிந்துகொண்டோம். அடுத்த ஏலத்திலும் ஆள் வராததால், ஒவ்வொரு முறையும் பத்து விழுக்காடு குறைந்து, ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை 364,500 ரிங்கிட்டில் நின்றது. எங்களிடம் 450,000 ரிங்கிட்டைச் சலுகை விலையாகச் சொல்லி, அதைப் பிடித்து வைக்கப் பணமும் வாங்கிய வீடு அது.

ஏலம் முடிந்து பெயர் மாறும் வரை சட்டப்படி உரிமையாளர் அவர்தான். ஆகவே அவர் காட்டிய தாள்களில் பொய் இல்லை. அவர் சொல்லாமல் விட்டதில்தான் மோசடி இருந்தது. நில அலுவலகத்தில் எவரும் கட்டணம் செலுத்தி உரிமைப் பத்திரத் தேடல் செய்யலாம். அதில் உரிமையாளர் பெயரும், எந்த வங்கிக்கு வீடு அடமானம் என்பதும் தெரியும். அடமானம் இருப்பது மட்டும் கெட்ட அறிகுறி ஆகாது, இந்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு அது உண்டு. தேடலோடு நின்றுவிடாமல், கட்டடத்தின் பெயரை ஏல விளம்பரங்களிலும் தேட வேண்டும். நீதிமன்றம் வழி நடக்கும் ஏலங்கள் நீதித்துறையின் இ-லெலோங் தளத்தில் வெளியாகின்றன. ஏல நிறுவனங்களும் தங்கள் பட்டியல்களை வெளியிடுகின்றன. சில நிமிட வேலை. வாடகைக்கு மட்டும் வருபவருக்கே இது தேவை. அதே வீட்டை வாங்கும் நோக்கமும் இருந்தால் கட்டாயம் தேவை.

அந்த இடைத்தரகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியாவில் வீட்டு முகவர் தொழிலை 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதிவுபெற்ற முகவரும், அவர் நிறுவனத்தின்கீழ் ரென் (REN) எனப்படும் பதிவு எண் பெற்ற பேச்சுவார்த்தையாளரும் மட்டுமே இந்த வேலையைச் செய்யலாம். முகப்படத்தோடு கூடிய அட்டை அவர்களிடம் இருக்கும். அந்த எண்ணை இத்தொழிலைக் கண்காணிக்கும் வாரியத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். நீங்கள் தரும் முன்பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குச் செல்ல வேண்டும். தனிமனிதரின் சொந்தக் கணக்குக்குச் செல்லக் கூடாது. எங்களிடம் வந்தவர், தாம் ஒரு பெரிய நிறுவனத்தில் இருப்பதாகவும் அட்டை புதுப்பிப்பில் இருப்பதாகவும் சொன்னார். வாரியத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பணம் கேட்கும் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் (Semak Mule) தளத்தில் போட்டுப் பார்ப்பதும் நல்லது. ஆனால் அங்கே புகார் எதுவும் காட்டவில்லை என்பதால் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. இன்னும் எவரும் புகார் கொடுக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பணம் இப்போதுதான் போயிருக்கிறது என்றால், வேறு எதற்கும் காத்திராமல் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணை அழையுங்கள்.

வாடகைப் பணத்தில் எங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை வரி செலுத்தியிருந்தோம். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் என்ற கணக்கில் 72 ரிங்கிட்தான் ஆயிற்று. முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க முடியாது என்பதை வீட்டுக்காரரும் அறிந்திருந்தார் போலும். வழக்கறிஞரின் கடிதம் போனதும், கடைசி இரண்டு மாத வாடகையைப் பாதுகாப்பு முன்பணத்தில் கழித்துக்கொள்ள எழுத்தில் ஒப்புக்கொண்டார். இப்படி ஒப்புதல் இல்லாமல் நீங்களாகவே வாடகையை நிறுத்தினால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாக ஆகிவிடக்கூடும் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். வீட்டு வாடகைக்கென்று இந்நாட்டில் தனிச் சட்டம் இல்லாத நிலையில், உங்களுக்குப் பாதுகாப்பு உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான். எஞ்சிய 750 ரிங்கிட், 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கை வழக்குக்குள் அடங்கும்; வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அதைத் தொடுக்கலாம்.

சிக்கியிருப்பது அந்த 9,000 ரிங்கிட். அந்தப் பணம் தம் கைக்கு வரவே இல்லை, அப்படி ஒரு தாளையே தாம் கண்டதில்லை என்கிறார் வீட்டுக்காரர். அவரிடமே கொடுத்துவிட்டேன் என்கிறார் இடைத்தரகர். கொடுத்ததற்கு ஆதாரம் கேட்டால் தொலைபேசியை எடுப்பதில்லை. சிறு கோரிக்கையின் வரம்பைத் தொகை தாண்டுவதால் முறையான வழக்குத்தான் போட வேண்டும். செலவைக் கணக்கிட்டு வருகிறோம். முறையாக வீடு வாங்கும்போதும் இரண்டு மூன்று விழுக்காடு முன்வைப்புக் கட்டுவது வழக்கம்தான். ஆனால் அது பதிவுபெற்ற நிறுவனத்திடமோ வழக்கறிஞரிடமோ இருக்கும். எத்தனை நாளில் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதெல்லாம் விற்பவரும் கையெழுத்திட்ட தாளில் இருக்கும். வாடகைக்கு இருந்து வாங்கும் ஏற்பாடு உண்மையிலேயே உங்களுக்குப் பிடித்திருந்தால், அந்த வாங்கும் உரிமையைத் தனி ஒப்பந்தமாக உங்கள் வழக்கறிஞரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் வாடகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது சுங்கை ஆராவில் வேறொரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் புகாரைப் பெற்றுக்கொண்ட அதிகாரி, இதே போன்று விலை பிடித்து வைக்கும் பணம் கொடுத்தவர்கள் தனித்தனியே புகார் செய்தால் விசாரணைக்கு வலுச் சேரும் என்றார். ஆகவே பாயான் பாரு, ரெலாவ், சுங்கை டுவா பக்கம் இத்தகைய ஒற்றைத் தாளை வாங்கிக்கொண்டு பணம் கட்டியவர்கள் இருந்தால், வங்கிச் சீட்டையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.