மகளிர் காவல் நிலையமா, குடும்ப வன்முறை மனுவா?

பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தெருப் பெண், போன தை மாதம் ஒரு கட்டைப் பையோடு கடலூருக்கே திரும்பி வந்துவிட்டாள். சொன்னதில் மூன்று பவுன் பாக்கியாம். அதைக் கொண்டுவந்தால்தான் வாசல்படி ஏறலாமாம். அவள் அப்பா கேட்ட முதல் கேள்வி: "கேஸ் போட பாண்டிக்குத்தான் போகணுமா?"

வேண்டாம். கொடுமை தாங்காமல் வந்த பெண் எங்கே தஞ்சம் அடைகிறாளோ, அந்த ஊரிலும் புகார் கொடுக்கலாம் என்று 2019-இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப வன்முறைச் சட்டப்படியும், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். எந்த வழியில் போவது என்பதில்தான் குழப்பம்.

நம்மூரில் கால் தானாகப் போவது மகளிர் காவல் நிலையத்துக்கு. கணவன், அவன் வீட்டார் செய்யும் கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவாகிவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் மிரள்வார்கள், அது உண்மை. ஆனால் மறுநாளே ஜீப் போய் அள்ளிக்கொண்டு வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் பிறகு, அவசியம் இல்லாமல் கைது செய்யக் கூடாது. நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கிறார்கள். அதற்கும் முன்னால் இரு தரப்பையும் உட்காரவைத்து ஒரு பேச்சு நடக்கும். இவளுக்கு முதல் நாள் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு; வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். இல்லை. அது தெரியாமல் அவள் அப்பா, வழக்குப் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டார்.

இன்னொன்று. எஃப்.ஐ.ஆர். விழுந்த பிறகு சமாதானமாகிவிட்டால், ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து வாபஸ் வாங்க முடியாது. ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும்.

2005 குடும்ப வன்முறைச் சட்டம் வேறு மாதிரி. யாரையும் உள்ளே தள்ளுவது அதன் வேலை இல்லை. தங்க இடம், மாதச் செலவுக்குப் பணம், நகை, பிள்ளை யாரிடம் இருப்பது, கிட்டே வரக் கூடாது என்ற தடை எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பேரில் இருக்கிறது என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. கூட்டாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே தங்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. மாமியாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கணக்கை நம்பி நாள்காட்டியில் வட்டம் போட வேண்டாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் மட்டும் ஓராண்டு வரை சிறை உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம், நேராக நீதிமன்றத்திலும் போடலாம்.

அடி, உதை, உயிருக்குப் பயம் என்றால் யோசிக்கவே வேண்டாம், போலீஸ்தான். நகையும் சாப்பாட்டுச் செலவும்தான் உடனடிக் கவலை என்றால் மனுவை முதலில் போடச் சொல்வேன். ஒன்றைப் போட்டதால் மற்றதன் கதவு மூடாது.

அப்புறம் வக்கீல். 1987 சட்டப்படி பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100-க்கும் போன் செய்யலாம். பாண்டிச்சேரிக்குத் தனி ஆணையம். காசு கொடுத்துப் பிடிக்கும் வக்கீல்தான் ஜெயிப்பார் என்பதெல்லாம் கல்யாண மண்டபப் பேச்சு. கையில் ஆதாரம் இல்லாவிட்டால் இருவருமே கையைத்தான் பிசைவார்கள்.

இவளிடம் நகைக்கடை பில் இல்லை. அன்று ராத்திரி அவள் அம்மா பரணிலிருந்து கல்யாண ஆல்பத்தை இறக்கினாள். மாலை மாற்றும் படத்தில் அட்டிகை மறைந்திருந்தது. நலுங்குப் படத்தில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.