கிரீமா, மக்னோலியாவா? தேயிலை மலையைப் பார்த்த வீட்டுக்கு

சுவர் பெயின்ட் கலர் கார்டில் பார்த்தால் இந்த இரண்டு நிறமும் அக்கா தங்கச்சி மாதிரிதான். கிரீமில் ஒரு சொட்டு மஞ்சள் ஒளிந்திருக்கும், மக்னோலியாவில் ஒரு சொட்டு இளஞ்சிவப்பு. கடை டியூப்லைட்டுக்குக் கீழே அந்தச் சொட்டு கண்ணில் படாது, நாலு சுவரிலும் ஏறிய பிறகுதான் தெரியும். சில கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று 0 முதல் 100 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள், சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது. இரண்டுமே வெளிர் நிறம்தான், அதனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது.

ஹட்டன் பக்கம் எங்கள் வீட்டு முன் காம்பராவுக்கு முதலில் கிரீம்தான் அடித்தோம். ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் தேயிலை தொடங்குகிறது. வெயில் ஏறினால் அந்தப் பச்சை அப்படியே உள்ளே வந்து சுவரில் விழும், மஞ்சளோடு சேர்ந்து சுவரே காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி ஆகிவிடும். பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் வெளிச்சம் நீலம் பாய்ந்துவிடும், அப்போது அதே சுவர் அழுக்குப் பிடித்ததுபோல் இருக்கும். எனக்கு மனசே விட்டுப்போச்சு.

"தங்கச்சி, தேயிலையைப் பார்த்த சுவருக்கு மஞ்சள் கலந்த கலர் வேணாம்" என்றார் பெயின்ட் பாஸ். மக்னோலியா அடித்ததும் காரணம் விளங்கியது. சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள், வெளியிலிருந்து வரும் பச்சையை அந்த ஒரு சொட்டு இளஞ்சிவப்பு தின்றுவிடுகிறது. பனி நாளில்கூட சுவர் வெதுவெதுப்பாகத் தெரிகிறது.

ஆனால் உங்கள் வீட்டில் சிவப்பு சீமெந்துத் தரை என்றால் யோசியுங்கள். தரையின் சிவப்பு மேலே அடித்து மக்னோலியாவை ரோஸ் ஆக்கிவிடும், 2700 கெல்வின் மஞ்சள் பல்ப் வேறு எரிந்தால் இன்னும் மோசம். அங்கே கிரீம்தான் சரி. விறகு அடுப்புக் குசினிக்கும் கிரீம்தான், புகை ஏறிய மஞ்சள் அதில் சீக்கிரம் தெரியாது.

சுவரில் நேரே பூசிப் பார்க்காதீர்கள், பழைய நிறம் பக்கத்தில் இருந்து கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டையில் ஓரம் விட்டு இரண்டு கோட் பூசி, காலை வெயிலிலும், பனியிலும், இரவு பல்ப்புக்குக் கீழேயும் சுவர் சுவராக மாற்றி வைத்துப் பாருங்கள். அப்புறம், புதுச் சீமெந்துப் பூச்சுச் சுவர் என்றால் பெயின்ட் அடிக்க முன் குறைந்தது 28 நாள் காயவிடுங்கள், நம் ஈரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடவே விட்டாலும் நல்லது.

முன் காம்பராவில் மிஞ்சிய கிரீம் டின் வீணாகவில்லை, குசினிக்கு அடித்துவிட்டோம். அடுப்பு வெளிச்சத்தில் அது நெய் மாதிரி மின்னுகிறது.